அப்பாவுக்கு வாய் ஆறுவதற்குள்

என் சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், வாயைத் தவிர. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கூரியர்.

போன வாரம் அப்பாவுக்கு ஈறில் ஆபரேஷன். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதே, போய்க் காட்டுங்கள் என்று எத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்னேன்! கடைவாய்ப் பல் ஆடிய பிறகுதான் போனார். டாக்டரம்மா ஈறைக் கீறிச் சுத்தம் செய்து தையல் போட்டார். பயப்படாதே.

வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துத் தையல்மேலேயே வைத்துக்கொண்டு துள்ளிய துள்ளலை நீ பார்த்திருக்க வேண்டும். பச்சைப் புண்ணைத் தைலம் பொசுக்கிவிடும் என்று டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். கொய்யா இலை வேகவைத்த தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். மாத்திரையை நிறுத்தாமல், தண்ணீரை ஆறவைத்துக் கொடுங்கள். கொப்பளிக்காமல் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து அப்படியே வழியவிடட்டும் என்றார். தையல் பிரிக்கும்வரை பேசவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

யாரைப் பார்த்து? நம் டிரைவிங் ஸ்கூலில் இவர் போடும் சத்தத்துக்கே வண்டி நின்றுவிடுமே! இப்போது எல்லாம் கை ஜாடைதான். வீடு வீடாக இருக்கிறது, எனக்குத்தான் பொழுது போகவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வேண்டாம், பேக்கரி வேலைக்குப் போகிறேன் என்று நீ கிளம்பிய அன்று, இந்த வாசப்படி மிதிக்காதேன்னு கத்தினாரே, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதற்கப்புறம் நீ ஒன்று சொல்வதற்குள் அவர் ஒன்பது சொல்வார், நீ போனை வைத்துவிடுவாய். நடுவில் நான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி.

நேற்று கடை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு முகத்தைச் சுளித்தார். உன் அறைப் பக்கம் கையைக் காட்டி, கட்டை விரலை உயர்த்தினார். அவன் கை ரொட்டி இதைவிட நல்லா இருக்கும்ங்கிறீங்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

கொய்யா இலை நன்றாகக் கேட்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது. காலையில் பேப்பர்காரரை இரண்டு வார்த்தை திட்டிப் பார்த்துக்கொண்டார். சீக்கிரம் ஆறட்டும் என்றுதான் வேண்டுகிறேன். ஆறிவிடுமே என்றும் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அதற்குள் கூப்பிடு, கண்ணா. போனை நான் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். மனதில் இருப்பதையெல்லாம் சொல்லி முடி. ஒரே ஒரு தடவை அவர் முழுசாகக் கேட்கட்டும்.

நீ நல்லா இருக்கணும்.

அம்மா