புட்டாவுக்கு ஒரு ரப்பர் பட்டை

என்னங்க,

இன்று தேவராஜ மொஹல்லாவில் மழைக்கு ஒரு சைக்கிள் கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் கிழிந்த ட்யூபுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் தனியாகச் சிரித்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீங்கள் போய் மூன்று வருடமான பிறகும் நான் இப்படிக் கடைவீதியில் மானத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றால், நீங்களும் புட்டாவும்தான் காரணம்.

சீமைக்குக் கப்பலேறிய உங்கள் ரயில்வே துரை விட்டுப்போன புல்டாக் அது. அந்தத் தடியனுக்குப் புட்டா, அதாவது கன்னடத்தில் சின்னவன், என்று பெயர் வைத்தவள் நான். தலை முடிந்த இடத்திலேயே உடம்பு ஆரம்பித்துவிடும். கழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீச்சல் சுத்தமாக வராது. ஆனால் குக்கரஹள்ளி ஏரியைக் கண்டால் கால் தரையில் நிற்காது. கழுத்தில் கட்டிய தோல் பட்டையோ நனைந்ததும் நெகிழ்ந்து தலைவழியாகக் கழன்றுவிடும். ஒருநாள் அப்படிக் கழன்று, புட்டா கல் மாதிரி மூழ்க, கரையில் புல் அறுத்தவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆனா பொழைக்காது" என்றீர்கள். அன்று முழுவதும் நீங்கள் சாப்பிடவே இல்லை.

நூல் நாடா கட்டிப் பார்த்தோம். ஈரம் காயாமல் கழுத்து மடிப்பில் புண் வந்தது. சங்கிலி துருப்பிடித்தது, நெரிக்கவும் செய்தது. ஏற்கெனவே மூச்சு வாங்கும் பிராணி. கடைசியில் மில்லில் எந்திரம் ஓட்டும் ரப்பர் பெல்ட்டில் ஒரு துண்டு தேடிப் பிடித்து, ஜட்கா குதிரைகளுக்கு வார் தைக்கும் சாயபுவிடம் மூவரும் போனோம். அப்போது நீங்கள் திருச்சியிலிருந்து வந்து ஒரு வருடம், என்னைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம். மைசூரிலேயே பிறந்த என்னிடம், "எனக்குக் கன்னடம் வரும், நீ சும்மா இரு" என்றீர்கள்.

சாயபு புட்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கொரளு எஷ்டு தப்ப ஸ்வாமி?"

உங்கள் முகம் சிவந்துவிட்டது. "கொரல்ல என்ன தப்பு? நல்லாத்தான் கொரைக்கும். டேய் புட்டா, கொரைச்சுக் காட்டுடா!"

புட்டா ஒரு கொட்டாவி விட்டது.

"கூச்சப்படறான்" என்றீர்கள்.

சாயபு பயந்துபோய் என்னைப் பார்த்தார். "அய்யோ, கொரளுன்னா கழுத்துங்க! எவ்வளவு தடிப்புன்னு கேக்கறார், அஷ்டே, அவ்வளவுதான்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற குதிரை கனைத்தது. கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றுவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

பெல்ட்டை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, துருப்பிடிக்காத பித்தளை பக்கிள் வைத்து, உள்ளே ஒரு விரல் மட்டும் நுழையும்படி அளந்து கொடுத்தார். நனைந்தாலும் நெகிழாது என்று அடித்துச் சொன்னார்.

மறுநாள் காலையே சோதனை வந்தது. ஏரிக்கரையில் புட்டா இழுத்த இழுப்பில் கயிறு உங்கள் கையைவிட்டுப் போனது. அது தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. நான் அலறுவதற்குள் நீங்கள் வேட்டியோடு இறங்கிவிட்டீர்கள். இடுப்பளவு, மார்பளவு, பிறகு தாடை வரை. எட்டிப் பட்டையைப் பிடித்தீர்கள். புட்டா திமிறியது, முறுக்கியது, பட்டை கழலவில்லை. அதைப் பிடித்தே இழுத்துக் கரையேற்றி, இருமலும் சிரிப்புமாக, "நிக்குது பாத்தியா!" என்றீர்கள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமாங்க?"

சற்று யோசித்தீர்கள். "அட, தெரியாதே!"

வீடு வரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். புட்டா நம் நடுவில் சொட்டச் சொட்ட நடந்து வந்தது. உங்களை எனக்குக் கட்டிவைத்தவர் அப்பா. ஆனால் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது அந்தக் காலையில்தான், திட்டிக்கொண்டே வந்த அந்த வழியில்தான். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையாமல் என்னிடம் இருக்கிறது. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். ஏறி உட்காருங்கள்.