வாயு மூலையில் ஒரு பேட்டரிப் பெட்டி

தை 9, வியாழன்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. பானெட்டைத் திறந்து பழைய பேட்டரியைக் கழற்றினேன். டெர்மினல் இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தன. டிப்போவில் எவனாவது இப்படி விட்டிருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பேன். முப்பத்தொரு வருஷம் பஸ் எலக்ட்ரீஷியன், சொந்த வண்டி என்றால் மட்டும் சோம்பேறித்தனம்.

எதற்கு இந்த வேலை என்று எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்து போகும். மல்லிகாவுக்கு (இனி ம. தான், கை வலிக்கிறது) நுரையீரல் இறுகி இரண்டு வருஷம். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கூடத்தில் ஒரு பிளக், படுக்கை அறையில் ஒரு பிளக், அவ்வளவுதான் அவள் போக்குவரத்து. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆம்புலன்ஸ்.

அவள் தங்கை வசந்தாவின் மகள் பவித்ராவுக்கு இந்தத் தை 26, ஞாயிறு, வேதாரண்யத்தில் கல்யாணம். திருவையாற்றிலிருந்து மூன்று மணி நேரம், நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் அதற்கும் மேல். மெஷின் வண்டியில் ஓட வேண்டும். அதற்கு இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்குப் பெரிய பேட்டரி. பெரிய பேட்டரி பானெட்டுக்குள் உட்காராது. ஆகவே பேட்டரி டிக்கிக்குப் போகிறது, தனிப் பெட்டிக்குள்.

பவித்ரா காலேஜ் மூன்று வருஷமும் இந்த வீட்டில் இருந்து படித்தவள். தலை பின்னியது, டப்பா கட்டியது, பரீட்சைக்கு எழுப்பியது எல்லாம் ம. "அவ கழுத்துல தாலி ஏறுறத ஒரு தடவ பாத்துட்டா போதுங்க. அப்புறம் என்னமோ ஆகட்டும்" என்கிறாள். அந்த 'என்னமோ ஆகட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லியும் விட்டேன்.

வேண்டியவை: கனத்த கேபிள் ஐந்து மீட்டர். கேபிள் நுனியில் மாட்ட லக்கு நாலு. ஃபியூஸ் (பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்). தகட்டில் கேபிள் உரசாமல் இருக்க ரப்பர் வளையம். ரப்பர் குழாய் ஒரு முழம். ம.வுக்கு இருமல் மருந்து.

தை 11, சனி

பட்டறைப் பையன் பெட்டி ரெடி என்றான். போய்ப் பார்த்தால் மூடி அழகு, பெயின்ட் அழகு, காற்றுப் போக ஓட்டை இல்லை! படம் போட்டு, அம்புக்குறி போட்டு, 'ஓட்டை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"எதுக்கு சார் ஓட்டை, எலி பூந்துடும்."

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும், டிக்கியும் சீட்டும் ஒரே கூடு, பக்கத்தில் ஆக்சிஜன், ஒரு பொறி போதும் என்று விளக்கினேன். பெட்டி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், வாயு மட்டும் குழாய் வழியாகத் தரைக்கு அடியில் வெளியே போக வேண்டும். தலையை ஆட்டினான்.

"பொட்டி இவ்ளோ ஸ்ட்ராங்கா கேக்குறீங்களே, உள்ள என்ன சார், நகையா?"

"என் பொண்டாட்டி மூச்சு" என்றேன். டிரில்லை எடுத்து ஓட்டை போட்டான். பாவம், நல்ல பையன்தான். நான்தான் வள்ளென்று விழுகிறேன்.

தை 12, ஞாயிறு

காலையில் பெட்டியை டிக்கியில் இடது பக்கம் வைத்து போல்ட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை வைக்க சகலை வந்தார், வசந்தாவோடு. தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. சகலைக்கு அங்கே உப்பளம். டெர்மினலைப் பார்த்ததுமே, "கிரீஸ் தடவி வைங்கண்ணே, எங்க ஊரு உப்புக் காத்து ஒரே நாள்ல தின்னுடும்" என்றார். நியாயமான பேச்சு. சந்தோஷப்பட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை. வானத்தைப் பார்த்தார். சூரியன் எங்கே என்று பார்த்தார்.

"அண்ணே, வண்டி கெழக்க பாத்து நிக்குது. பொட்டி பின்னாடி எடப்பக்கம். அது வாயு மூலை. பேட்டரின்னா நெருப்பு. நெருப்ப வாயு மூலைல வைப்பாங்களா? அக்னி மூலைக்குக் கொண்டு போங்க."

அக்னி மூலை என்றால் முன்னால் வலது பக்கம். அங்கே என் கால் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. சொன்னேன்.

"இத்தன வருஷமா பானெட்டுல ஈசானிய மூலைல இருந்துச்சே, அப்ப ஏன் கேக்கல? ரோட்டுல வண்டி திரும்புனா மூலையும் திரும்புமே, அப்ப?"

"ஓடறப்ப கணக்கு இல்லண்ணே. நிக்கிறப்பதான் கணக்கு."

அடேயப்பா! சாஸ்திரத்தில் பார்க்கிங்குக்குத் தனி அத்தியாயம் போலிருக்கிறது. ம. உள்ளிருந்தபடியே சொன்னாள்: "எனக்கு வேண்டியதே வாயுதானே மாப்ள, அங்கயே இருந்துட்டுப் போவட்டும்." எல்லாரும் சிரித்தோம். வசந்தா மட்டும் சிரிக்கவில்லை, பிரயாண அலுப்பு என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு பத்திரிகையைப் பிரித்தேன். உள்பக்கம், தங்கள் வரவை விரும்பும் பெரியப்பா பெரியம்மா என்று எங்கள் பெயர். பக்கத்தில் ஊர்: சிங்கப்பூர். அங்கே இருப்பது எங்கள் மகன். ஆஸ்பத்திரிக்குத் தவிர நாங்கள் காவிரியைத் தாண்டியே இரண்டு வருஷம். போன் போட்டுக் கேட்டதற்கு, "அச்சாபீஸ்ல தப்பா போட்டுட்டான் அத்தான்" என்றாள் வசந்தா. அச்சாபீஸ்காரன் கண்ணுக்குத் திருவையாறும் சிங்கப்பூரும் ஒன்றாகவா தெரியும்? ம. பத்திரிகையை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தை 15, புதன்

பக்கத்து வயலில் அறுவடை மெஷின். தூசி. ஜன்னல் எல்லாம் அடைத்து, ஈரத்துணி தொங்கவிட்டு, ம.வை உள் அறையில் வைத்தேன். நெல் நன்றாக விளைந்திருக்கிறது என்று ஊரே பூரிக்கிறது. எனக்கு எரிச்சல்.

கேபிள் இழுத்தாகிவிட்டது. சீட்டுக்கு அடியில், கதவு ஓரமாக, முன்னால் வரை. தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம். லக்கு நாலும் நானே அடித்தேன். எர்த் போல்ட் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்தேன். பெட்டியை நாலு போல்ட், பெரிய வாஷர் போட்டு இறுக்கினேன். இரண்டு கையால் பிடித்து உலுக்கினேன். வண்டிதான் ஆடியது.

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. என்னையும் அறியாமல் "மல்லி!" என்று கத்திவிட்டேன். ஜன்னல் ஈரத்துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். தூசியில் ஏன் எட்டிப் பார்க்கிறாய் என்று அதற்கும் ஒரு திட்டு.

தை 18, சனி

சோதனை ஓட்டம், திருப்பனந்தாள் வரை. ம. பின் சீட்டில், பக்கத்தில் மெஷின். போக வர இரண்டரை மணி. இடையில் எஞ்சினை நிறுத்தி அரை மணி ஓடவிட்டுப் பார்த்தேன். விரல் மீட்டரில் ஆக்சிஜன் 94. குறையவே இல்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு கூட இல்லை.

அவள் பேசிக்கொண்டே வந்தாள். அந்தக் கடை போச்சா, இந்த மரத்தை எப்போ வெட்டினான், பாலம் புதுசா. டீ கேட்டாள். கிளாஸில் வேண்டும், பேப்பர் கப் வேண்டாம் என்றாள். கல்யாணத்துக்கு அரக்குப் பட்டா, மாம்பழக் கலரா என்று கேட்டாள். அரக்கு என்றேன். உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். பழைய ம. ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

தை 21, செவ்வாய்

சகலை போன். குசலம், கதிர் அறுப்பு, மழை வருமா. அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்.

"ஜோசியர்கிட்ட கேட்டேன் அண்ணே. மண்டபத்து வாசல்ல வண்டியெல்லாம் கெழக்க பாத்துத்தான் நிக்கும். வாயு மூலைல நெருப்போட ஒரு வண்டி வாசல்ல நிக்கிறது பொண்ணுக்கு ஆவாதுங்கறார். அக்காவுக்கும் எதுக்கு அலைச்சல்? வீடியோல காட்டிடறோம்."

நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ம.விடம் சொல்லவில்லை. கொல்லையில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கழற்றி எங்கே வைக்கலாம் என்று மண்டையைக் குடைந்தேன். வெட்கமாக இருக்கிறது எழுத. அவர் சொன்ன மூலைக் கணக்கைத் தரையில் குச்சியால் போட்டுப் பார்த்தேன், நான்!

தை 22, புதன்

விடை கிடைத்துவிட்டது. பெட்டியை நகர்த்த வேண்டாம். வண்டியைத் திருப்பினால் போதும். மேற்கு பார்த்து நிறுத்தினால் பின்பக்கம் கிழக்கு, இடது பக்கம் தெற்கு. பெட்டி சரியாக அக்னி மூலையில்! நிற்கும்போதுதான் கணக்கு என்று அவரே சொன்னார் அல்லவா.

காபி கூடக் குடிக்காமல் போன் போட்டேன். "மண்டபத்துல மேக்க பாத்து ரிவர்ஸ்ல நிறுத்திடறேன். பொட்டி அக்னி மூலைக்கு வந்துடும். ஜோசியர்கிட்ட கேட்டுக்குங்க, அட்சரம் தப்பாது" என்றேன். பெருமை வேறு.

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு வசந்தா போனை வாங்கினாள். அழுகை.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. மாப்ள வீட்டுல கொடஞ்சு கொடஞ்சு கேட்டாங்க, குடும்பத்துல யாருக்காச்சும் நோய் இருக்கான்னு. அம்மாவும் மூச்சுலதான் போச்சு. அக்காவுக்கும் இப்படின்னா பரம்பரைம்பாங்க. அதான், அக்கா சிங்கப்பூர்ல மகன்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டோம். இப்ப மூக்குல கொழாயோட வந்து எறங்குனா..."

அச்சாபீஸ்காரன் தப்புச் செய்யவில்லை. பாவம், அவனைப் போய்த் திட்டினேன். வாயு மூலையும் இல்லை, ஜோசியரும் இல்லை. என் பெண்டாட்டிதான் ஆகாது. அதை நேராகச் சொல்ல வாய் வராமல் என் பெட்டி மேல் பழி.

என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். நல்ல வார்த்தை இல்லை.

தை 23, வியாழன்

ம.விடம் எப்படிச் சொல்வது என்று காலை முழுக்க ஒத்திகை. வண்டியில் கோளாறு, அல்டர்நேட்டர் போய்விட்டது என்று ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்தாள்.

"வசந்தா வரவேணாம்னுட்டாளா?"

மெஷின் பிளக்கை அழுத்திப் பார்த்தேன்.

"பத்திரிகைய படிச்சப்பவே தெரியும்ங்க. அவ கண்ண பாத்தா தெரியாதா எனக்கு?"

"அப்புறம் எதுக்கு என்னை இத்தன வேலை செய்ய விட்ட?" கத்திவிட்டேன்.

"நீங்க பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஸ்பானர் புடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அதான்."

கொல்லைக்குப் போய்விட்டேன். பவித்ராவுக்கு இது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தை 26, ஞாயிறு

பனி இல்லை. வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. ஆறு மணிக்கே ம. குளித்து அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய்.

"எங்க?"

"எங்கயாச்சும். அந்தப் பக்கம் மட்டும் வேணாம்."

வேதாரண்யம் இங்கிருந்து தென்கிழக்கு. அதுதான் அக்னி மூலை, இப்போதுதான் உறைக்கிறது. எதிர்ப்பக்கம் விட்டேன். கல்லணை ரோடு, நேர் மேற்கு. ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் திட்டு தெரிகிறது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பொட்டி எந்த மூலைங்க?"

"அக்னி மூலை. மேக்க பாத்துதானே நிக்குது."

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அவள் போன் அடித்தது. பவித்ரா. ம. எடுக்கப் போனவள் கையை நிறுத்தி மெஷினைக் காட்டினாள். அது டக் டக்கென்று அடித்து மூச்சு விடும் சத்தம் போனில் கேட்டுவிடும். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று சைகை. மாட்டேன் என்றேன். போன் நின்றுவிடப் போகிறது. அவள் கண்ணைப் பார்த்தேன். மெஷினை அணைத்தேன்.

ஸ்பீக்கரில் நாதஸ்வரம், கும்பல். "பெரியம்மா, தாலி கட்டியாச்சு." பின்னால் யாரோ ஒரு அம்மாள், "சிங்கப்பூரா? நாங்களும் பேசுறோம்மா, குடு குடு" என்றாள். பவித்ரா கொஞ்சம் தயங்கினாள். பிறகு சத்தமாகக் கேட்டாள்:

"பெரியம்மா... அங்க இப்ப மணி என்ன?"

ம. வண்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் மடக்கி இரண்டரை மணி கூட்டினாள்.

"பன்னெண்டேகால் கண்ணு. வெயில் கொளுத்துது இங்க. நல்லா இருங்க ரெண்டு பேரும்."

அந்த அம்மாளிடமும் பேசினாள். பேரன் பள்ளிக்கூடம் போகிறானா என்றதற்குப் போகிறான் என்றாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே வாயை மூடி, மூச்சு வாங்குவது கேட்காமல் பார்த்துக்கொண்டாள். நாலு நிமிஷம். உதடு நீலம். போன் வைத்ததும் மீட்டரை விரலில் மாட்டினேன், 78.

மெஷினை மறுபடி போட்டேன். உடனே ஓடியது. பேட்டரி முழுசாக இருக்கிறது. ஃபியூஸ் சரி, கேபிள் சரி, பெட்டி சூடேறவில்லை. ஒரு கோளாறும் இல்லை. அணைத்தது நான்.