கழித்துப் போட்ட நூற்றுப் பன்னிரண்டு பேர்

ஜனவரி 11, திங்கள்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அலுவலகத்தில் எல்லோரும் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்க, நான் மட்டும் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். கழுத்திலிருந்து நெற்றி வரை தீ.

"லீலண்ட், எங்களைக் கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கத்தினார் ஜில்பேர். இந்த ஆய்வின் புள்ளிவிவரமெல்லாம் பார்க்கிறவர்.

"ஏரிக்கரை கிம்லிக்காரன் உடம்பு. மீன் ரத்தம்" என்று சமாளித்தேன்.

பொய். ஆண் விதைகளை எடுத்துவிட்ட உடம்புக்கு இந்தச் சூடு வந்து வந்து போகும். இங்கே அதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் கரீன் ஹெப்னரின் ஆய்வே அதுதான்: இந்தக் காலத்தில் அப்படி விதை நீக்கி அண்ணகராக வாழ்கிறவர்கள், அப்படி ஆக விரும்புகிறவர்கள். அவர்கள் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. தட்டச்சு செய்கிறவனும் அதே சாதி என்று யாருக்கும் தெரியாது. பதினோரு வருடமாக ஒருவருக்கும் தெரியாது.

ஜனவரி 19

இன்று ஒரு லாரி ஓட்டுநரின் குரல். "நாப்பது வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். கிறுக்கன்னு சொல்லாம கேக்கறீங்க பாருங்க, அது போதும்." அந்த வரியை மூன்று தடவை ஓடவிட்டேன். வேலைக்காக அல்ல.

பிப்ரவரி 3, புதன்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் கடிதம் வந்தது. கரீன் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் கடிதத்தை மேசையில் ஓங்கி அடித்தார்.

ஆய்வில் சேரக் கணினியில் நிரப்பி வந்த கேள்விப் படிவங்கள் முந்நூற்று நாற்பது. அதில் நூற்றுப் பன்னிரண்டை 'கேள்வியைப் படிக்காமல் நிரப்பியவை' என்று நாங்களே கழித்துவிட்டோமாம். மூன்றில் ஒருவருக்குத் தான் சொல்வது என்ன என்றே தெரியவில்லை என்றால், இவர்களுடைய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? மார்ச் 10 அன்று வந்து பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆய்வை மூடுங்கள்.

"மூடிட்டா இன்னும் இருபது வருஷத்துக்கு எந்த டாக்டரும் இவங்க பக்கம் திரும்பமாட்டான்" என்றார் கரீன். எனக்குத் தெரியாதா? டாக்டர் திரும்பாவிட்டால் ஆட்கள் எங்கே போகிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 4

சோறு தண்ணி இறங்கவில்லை.

பிப்ரவரி 12, வெள்ளி

ஜில்பேரிடம் கேட்டேன். "அந்த நூத்திப் பன்னண்டும் கவனமில்லாததுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவருக்கு ஒரே பெருமை. "மூணாம் பக்கத்துல 'உங்களை ஆண் என்று நினைக்கிறீர்களா'ன்னு ஒரு கேள்வி. ஒன்பதாம் பக்கத்துல 'பெண் என்று நினைக்கிறீர்களா'ன்னு ஒண்ணு. ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு போட்டா கண்ண மூடிக்கிட்டு நிரப்பியிருக்கான்னு அர்த்தம். எல்லா ஆய்வுலயும் வைக்கற பொறிதான்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். அட மகாராசனே! அண்ணகர்களைத் தேடிக் கிளம்பி, வந்த அண்ணகர்களையே களை என்று பிடுங்கிப் போட்டிருக்கிறாயே!

சொன்னேன். இவ்வளவு சூடாக அல்ல. அவர் முகம் சுருங்கியது. "இருக்கலாம். ஆனா அது உங்க ஊகம். பேரில்லாத படிவம், யாரைக் கூப்பிட்டுக் கேக்கறது?"

கழித்த பட்டியல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை எண் 207: மீனவக் குடும்பம், வயது ஐம்பத்தேழு, அறுவை நடந்து பதினோரு வருடம். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு வீட்டில் உட்கார்ந்து நான் நிரப்பியது. என்னையும் சேர்த்துத்தான் கழித்திருக்கிறார்.

பிப்ரவரி 13

எழுந்து நின்று "அது நான்" என்று ஒருவர் சொன்னால் போதும். ஒருவர். ஆனால் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருப்பது சிக்ரூன், எங்கள் ஊர் கிம்லியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். அவள் காதில் விழுவதும் வானொலியில் வாசிப்பதும் ஒன்றுதான். ஊரில் இருக்கும் என் அண்ணன் இதை என் வாயால் கேட்கட்டும், அவள் வாயால் வேண்டாம்.

பிப்ரவரி 28, ஞாயிறு

ஏரி உறைந்து கிடந்தது. அண்ணன் ஹால்டோரோடு ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் வானிலை பேசினோம். பிறகு அறுவையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"புத்து நோயா?"

"இல்ல."

"யாராச்சும் வற்புறுத்தினாங்களா?"

"இல்ல. நானே கேட்டு செஞ்சுக்கிட்டேன்."

"எப்போ?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"அடப்பாவி! பதினோரு வருஷமா எங்கூட உக்காந்து தின்னுக்கிட்டே மறைச்சிருக்க. அதுக்குத்தான்டா எனக்குக் கோவம்!" உண்மையிலேயே கோபம். கையுறையைக் கழற்றி ஐஸில் அடித்தான். பிறகு அதையே எடுத்து மாட்டிக்கொண்டான். "இப்ப நல்லா இருக்கியா?"

"இருக்கேன். அதுக்கு முன்னாடிதான் இல்ல."

"அப்ப வாயப் பாக்காம தூண்டிலப் பாரு. இழுக்குது."

திரும்பி வரும்போது வண்டியில் அழுதேன். நல்ல அழுகை.

மார்ச் 1

கரீனிடமும் ஜில்பேரிடமும் சொன்னேன். கரீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜில்பேர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மார்ச் 10, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். படிவத்தை முடித்ததும் கணினி தரும் ரசீது எண்ணை அன்று குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாளை முன்னால் வைத்தேன். "கழிச்சுப் போட்ட 207 நான்தாங்க."

சிக்ரூனின் வாய் திறந்தது. மூடவில்லை. கடைசியில், "ஏன் லீலண்ட், ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு போட்டே?" என்றாள்.

"ரெண்டும் இல்லாததாலதான்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "கேள்வியை எல்லாம் படிச்சுத்தான் நிரப்பினீங்களா?"

"இருபத்திநாலு பக்கமும் படிச்சேன் ஐயா. ஆறாம் பக்கத்துக் கேள்வியவே இருபதாம் பக்கத்துல திருப்பிக் கேட்டிருக்காங்க, எத்தனை வயசுல இந்த எண்ணம் வந்துச்சுன்னு. நான் ரெண்டு இடத்துலயும் பதிமூணுன்னு போட்டேன். பாத்துக்கோங்க."

ஜில்பேர் தட்டிப் பார்த்தார். பதிமூன்று, பதிமூன்று. அதோடு விடவில்லை மனிதர், எல்லோருடையதையும் தட்டினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "கழிச்ச நூத்திப் பன்னண்டுல நூத்தி ஒன்பது பேர் ரெண்டு இடத்துலயும் ஒரே பதில். வச்சுக்கிட்ட இருநூத்தி இருபத்தெட்டுல முப்பத்தோரு பேர் மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. தப்பு என்னோடது. கழிச்சவங்கதான் கவனமாப் படிச்சவங்க."

தலைவர் தன் கையிலிருந்த கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அவர் முடிவைச் சொல்வதற்கு முன்பே, ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து பனியில் நின்று கத்தினேன். ஐம்பத்தேழு வயசுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கத்தல்.

மார்ச் 24

எழுத்தில் வந்துவிட்டது. ஆய்வு தொடரும். நூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே. புதிய படிவத்தில் ஆண், பெண்ணோடு மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும்.

மே 6, வெள்ளி

இன்று தட்டச்சு இல்லை. கேள்வி கேட்கும் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார் கரீன். முதல் அழைப்பு நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து. வயதானவர் போலிருந்தது. பத்து நிமிடம் வார்த்தைகளை மென்று விழுங்கினார். பிறகு, "உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது" என்றார்.

"புரியும்" என்றேன். "நானும் அண்ணகர்தான்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்படியா? இதுவரைக்கும் சொன்னத அழிச்சிடுங்க. மொதல்லேருந்து சொல்றேன்."