பொம்பளை ஓட்டின வண்டி

இன்று காலை தையல் மிஷினில் உட்காரும்போதுதான் கவனித்தேன், உன் மெத்தையின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய லைனிங் துணியெல்லாம் உள்ளே திணித்து, மேலே பச்சைக் கட்டம் போட்ட துணி வைத்து நான் உனக்குத் தைத்துக் கொடுத்த மெத்தை. கார் வாங்கிய புதிதில் ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரியவில்லை என்று என் கடைக்கு வந்து நின்றாய். "ஒரு சாண் ஒசரத்துக்குத் தச்சுக் குடுடி. ஆண்டவன் மிச்சம் புடிச்சத நீ போட்டுத் தா" என்றாய். மூக்கை வைத்துப் பார்த்தால் இன்னும் ஆஸ்பத்திரி லோஷன் வாசனை வருகிறது. பிரித்துத் துவைத்துப் புதுசாகத் தைக்கலாம். மாட்டேன். ஓரத்தை மட்டும் கைத்தையல் போட்டு மூடிவிட்டு, உனக்கு இதை எழுதுகிறேன். உன் வண்டியை விற்ற கதை உனக்குத் தெரிய வேண்டும்.

நீ போன பிறகு கார் உங்கள் வீட்டு வாசலில் தகரக் கொட்டகையின் கீழ் நின்றது. உன் வீட்டுக்காரர் அதைப் பார்க்க முடியாமல் கொல்லைப்பக்கம் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாதம் எனக்குப் போன் செய்தார். "அரியலூர்லேர்ந்து கன்சல்டிங்காரரு வராரும்மா. வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீ வந்து கூட நில்லு, எனக்குப் பேச வரல."

பழைய கார் வாங்கி விற்கிற அந்த மனிதர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார், கதவைத் தட்டிப் பார்த்தார், பானெட்டைத் திறந்து மூடினார். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓட்டுனது மேடமா சார்?"

"ஆமாங்க. நர்ஸா இருந்தா. அவதான் ஓட்டுனா."

"அங்கதான் சார் இடிக்குது. பொம்பள ஓட்டுன வண்டி. கிளட்ச்ல காலை வச்சிக்கிட்டே ஓட்டியிருப்பாங்க, கிளட்ச் முடிஞ்சிருக்கும். அதோட, தப்பா எடுத்துக்காதீங்க, தவறுனவங்க வண்டி. வாங்குறவன் ராசி பாப்பான். ஒண்ணு அறுபது தரேன். வேற யாரும் அதுகூடத் தரமாட்டான்."

உன் வீட்டுக்காரர் தலையை ஆட்டப் போனார். "நாளைக்குச் சொல்றோம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

எனக்குப் பணம் போகிறதே என்றும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட எனக்கு எரிந்தது, அந்த ஆள் உன் காலுக்குப் போட்ட மார்க். நீ ஓட்டி ஒரு நாளாவது பார்த்தவனா அவன்? நீ செத்தது திருச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில். அந்த வண்டி உன்னை என்ன செய்தது? அது உன்னைச் சேற்றிலிருந்து தூக்கிய வண்டி.

ஸ்கூட்டரில் தடுப்பூசிப் பெட்டியோடு குன்னம் பக்கம் கரிசல் சேற்றில் நீ விழுந்து, முட்டி பெயர்ந்து கிடந்ததை நான்தான் வந்து பார்த்தேன். கட்டுப் பிரித்த மறுவாரமே டிரைவிங் பழகப் போய்விட்டாய். "இந்த வயசுல உனக்கு என்னத்துக்கு?" என்று உன் மாமியார் கேட்டதற்கு, "இந்த வயசுலதான் முட்டி வலிக்குது அத்தை" என்றாய். கார் எடுத்த பிறகு அரியலூர் ரோட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததெல்லாம் எனக்கு வேண்டுதல் கணக்கில்தான் சேரும். சுண்ணாம்புக்கல் லாரி பின்னால் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். நான் சிறுவாச்சூர்க் காளியைக் கூப்பிட்டுக்கொண்டே, "மண்ணுல எறக்கி வழிய விடுடி" என்பேன். நீ அசைய மாட்டாய்.

"என் பக்கத்துல நான் ஒழுங்காப் போறேன். தாண்டணும்னா அவன் பாத்துத் தாண்டட்டும். அவன் ஹாரனுக்கு இன்னிக்கி மண்ணுல எறங்குனா, ஆயுசுக்கும் மண்ணுலதான் ஓட்டணும்."

இப்படி ஓட்டியவளைத்தான் கிளட்சில் காலை வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஓட்டியிருப்பாள் என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போகிறான்.

அன்று ராத்திரி எனக்கு நீ கார் வாங்கிய விதம் ஞாபகத்துக்கு வந்தது. வாங்குவதற்கு முன்னால் பெரம்பலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் இருந்த கடைகளுக்குப் போன் செய்து, அதே மாடல் கார் உன்னிடம் இருப்பதாகவும் விற்கப் போவதாகவும் கதை விட்டாய். என்ன தருவார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் வாங்குகிறவளாகப் போய் நின்றாய். "உனக்கு நர்ஸ் உத்தியோகம் தப்புடி, போலீஸ்ல சேந்துருக்கணும்" என்று சிரித்தேன். "ரெண்டு கையிலயும் பிரஷர் பாக்குறதில்லையா, அந்த மாதிரிதான். கேக்குறது ஒரு வெல, சொல்றது ஒரு வெல. கை மாறுறதுதான் வெல" என்றாய்.

மறுநாள் கடையைத் திறந்ததும் அந்த அரியலூர்க்காரருக்கே போன் போட்டேன். என் குரல் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? முந்தின நாள் நான் பேசியது இரண்டே வார்த்தை. எனக்கு ஒரு சின்னக் கார் வேண்டும் என்று உன் வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொன்னேன். அதே மாதிரி ஒன்று இருக்கிறது, இரண்டு நாற்பது ஆகும் என்றார். யார் ஓட்டிய வண்டி என்று கேட்டேன்.

"லேடீஸ் ஓட்டுன வண்டிங்கம்மா. ஒரு டீச்சரு. அலுங்காம குலுங்காம வச்சிருந்தாங்க. பொம்பளைங்க கையில இருந்தா வண்டி புதுசு மாதிரி இருக்கும், நம்பி எடுக்கலாம்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். யாருடைய ஜாக்கெட்டோ, கழுத்து ஒரு விரல்கடை கூட இறங்கிவிட்டது. வாங்கும்போது பொம்பளை ஓட்டினால் கிளட்ச் காலி. விற்கும்போது பொம்பளை ஓட்டினால் வண்டி புதுசு. ஒரு ராத்திரியில் நம் கால் எப்படித் திருந்தியது பார்.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. பெரம்பலூரில் இன்னும் இரண்டு கடைகளில் விற்கிறவளாக ஒரு தடவை, வாங்குகிறவளாக ஒரு தடவை கேட்டேன். போனில் வருகிற விளம்பரங்களைப் பார்த்தேன், அதில் போட்டிருக்கிற விலையெல்லாம் அவரவர் ஆசை. குரும்பலூரில் என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிற ஒருத்தி வீட்டில் அதே மாடலை இந்த வருஷம்தான் வாங்கியிருந்தார்கள். கடைசியில் எவ்வளவு எண்ணிக் கொடுத்தீர்கள் என்று விசாரித்தேன். எங்கள் தெருவில் இருக்கிற மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன், அவர் உன் வண்டியை அதுவரை தொட்டதில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. "ஐயோ, நின்னுடுச்சே" என்றேன்.

"நிக்கணும்க்கா" என்று சிரித்தார். "நிக்காம எஞ்சின் மட்டும் கத்துனாத்தான் கிளட்ச் போச்சுன்னு அர்த்தம். இது கெட்டியா இருக்கு. நல்லா ஓட்டுனவங்க கால்."

நல்லா ஓட்டுனவங்க கால். அதைக் கேட்டு உன் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை, கணக்குப் போட்டேன். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன, கழித்தேன். இன்சூரன்ஸ் முடிந்திருந்தது, கழித்தேன். இடது கதவில் என் வீட்டு இரும்பு கேட் போட்ட நசுங்கல் இருந்தது, அதையும் கழித்தேன். ராசிக்கு ஒன்றும் கழிக்கவில்லை. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது.

நானும் உன் வீட்டுக்காரரும் அரியலூருக்குப் போனோம். மெக்கானிக் சொன்னதையும் போனில் பேசியதையும் சொல்லி நான் இரண்டு பத்து கேட்டதும் அந்த மனிதர் கூச்சப்படவே இல்லை. "அது யாவாரம்க்கா" என்று டீ வரவழைத்தார். "சரி, ரெண்டு பத்தே தரேன். ஒண்ணே ஒண்ணு. மேடம் ஓட்டுனதோ, தவறுனதோ வெளிய வரவேணாம். டாக்டர் ஓட்டுன வண்டின்னு போட்டுக்குறேன். நீங்களும் அப்படியே சொல்லிக்கங்க."

கேட்ட விலை முழுசாக வந்துவிட்டது. ஆனால் நீ வண்டியை விட்டு இறக்கப்பட்டிருந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், பேச வராது என்ற மனுஷன் எழுந்து நின்றார்.

"அவதான் ஓட்டுனா. அவதான் போயிட்டா. ரெண்டையும் சொல்லித்தான் விப்பேன். டீ வேணாம்ங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நீ "வாயில்லாப் பூச்சி" என்றுதானே சொல்வாய்? அந்தப் பேரை இன்றோடு எடுத்துவிடு.

பின் கண்ணாடியில் நானே எழுதி ஒட்டினேன். நர்ஸ் ஓட்டிய வண்டி, ஒரே ஓனர், அவர் இப்போது இல்லை, கிளட்ச் நன்றாக இருக்கிறது, முன் டயர் மாற்ற வேண்டும். வந்தவர்கள் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர் காரைத் தொட்டதற்குக் கையைக் கழுவிக்கொண்டு போனார். இரண்டு மாதம் அப்படியே நின்றது. ஒன்று அறுபதைக் கையில் வாங்கியிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் ஏசினார்கள். நானும் உன் வீட்டுக்காரரும் இறங்கவில்லை.

கடைசியில் ஆண்டிமடத்திலிருந்து முந்திரி வியாபாரம் செய்கிற ஒருத்தி, அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் கண்ணாடியைப் படித்துவிட்டு அவள் காதைக் கடித்தார். "தவறுனவங்க வண்டியாம், வேணாம் வா."

"சாவாதவங்க வண்டி எங்கண்ணே விக்கிது? காட்டு, போயி வாங்குவோம்" என்றாள் அவள், நாங்கள் எல்லோரும் கேட்க.

அப்புறம் உன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னே இழுக்கவே இல்லை. நீ விட்டுவிட்டுப் போன இடத்திலேயே அவள் கால் எட்டியது. உன் அளவு, அச்சு அசல் உன் அளவு. கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்தவள், "அக்கா, இதுல ஒரு மெத்த கெடந்துருக்குமே, தடம் தெரியுது" என்றாள். அது வண்டி விலையில் சேராது, உனக்குப் புதுசாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். எந்தக் கழிவும் கேட்காமல் இரண்டு பத்தை எண்ணி உன் வீட்டுக்காரர் கையில் வைத்தாள். அன்றைக்கே சிவப்புக் கட்டத் துணியில் ஒரு சாண் உயரத்துக்குத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

பச்சை மெத்தை என் மிஷின் ஸ்டூலில் இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்த பிறகு, "பொம்பளை தைக்கிற ஜாக்கெட்டுக்கு இவ்வளவு கூலியா" என்று யார் கேட்டாலும் நான் குறைப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை நாலு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அரியலூர்ப் பக்கமிருந்து உன் வண்டி வந்தது. கதவில் என் கேட் போட்ட நசுங்கல் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. பின்னாலேயே ஒரு கல் லாரி, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். நாலு பேர் நிற்கிற இடம் என்பதையும் மறந்து, "எறங்காத, எறங்காதடி" என்று கத்தினேன்.

அவள் இறங்கவில்லை.