ஐந்து விரலுள்ள வெள்ளிக் கை

நேற்று அந்தோனியார் திருவிழா. கோவில் வாசலில் நேர்த்திச் சாமான் விற்பவர் தட்டை நீட்டினார். கண், கால், கை, எல்லாம் மெல்லிய வெள்ளித் தகட்டில் வெட்டியவை. ஒரு கையை எடுத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் குறையில்லாமல் இருந்தன. எனக்கு உம்மில்தான் கோபம் வந்தது. உம்முடைய முப்பத்தோராம் நாள் பூசைகூட இன்னும் முடியவில்லை. செத்தவரோடு கோவிலடியில் நின்று சண்டை பிடிக்கலாமோ தெரியாது. நான் பிடித்தேன்.

நெடுந்தீவுக் கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வரும் மாவையும் சீனியையும் பொறுப்பெடுக்க நான் குறிகட்டுவான் துறையில் நிற்பேன். அவற்றை லொறியிலிருந்து வள்ளத்துக்கு ஏற்ற நீர் நிற்பீர். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, சீமெந்தும் தகரமும் வந்து குவிந்த காலம் அது. துறைச் சுவரில் மோதாமலிருக்க வள்ளத்தின் பக்கத்தில் கட்டியிருந்த டயர்கள் கயிறு அறுந்து விழுந்து எத்தனையோ கிழமை. நீரும் சம்மாட்டியாரிடம் சொன்னீர், நானும் சொன்னேன். வள்ளம் அவருடையது. உம்முடைய மூத்த மகளுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். "நாளைக்குக் கட்டுவம்" என்றார். அந்த நாளை வரவேயில்லை.

சோளகக் காற்றுப் பெருத்த ஒரு காலையில், சீமெந்துப் பையோடு கால் வழுக்கிய நீர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தீர். அலை வள்ளத்தைத் தூக்கிச் சுவரோடு அடித்தது. கை நடுவில். நான் ஓடி வந்தேன். நீர் என்ன சொன்னீர் என்று நினைவிருக்கிறதா? "அக்கா, பை தண்ணியிலை விழுந்திட்டுது, பாருங்கோ."

மூன்று விரல்களை எடுத்தார்கள். சம்மாட்டியார் தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்ததாகச் சொல்லி, தன் செலவில் வாங்கிய வெள்ளிக் கையை உமது தலையணையில் வைத்தார். "உயிர் தப்பினது அவராலை. மிச்சத்தையும் அவர் பாப்பார்." நீர் அழுதுகொண்டு அதை முத்தமிட்டீர். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தோனியாரோ சீமெந்து ஏத்தச் சொன்னவர்?" என்று கேட்டுவிட்டேன். நீர்தான் என்னை முறைத்தீர்.

"கை சுகமாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போன சம்மாட்டியார் பிறகு உம்மைக் கூப்பிடவேயில்லை. உமது இடத்தில் வேறொருவர் நின்றார். உம்முடைய மனைவி கருவாடு போடத் தொடங்கினா. நான் நாலு பேரிடம் விசாரித்தேன். வேலைக்குள் அடிபட்டால் வேலை கொடுத்தவர் நட்டஈடு தரவேண்டும், அது தருமமில்லை, சட்டம் என்றார்கள். உம்மை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தொழில் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். கதிரை தந்து, முதலில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"நீங்கள் ஆரிட்டை வேலை செய்யிறியள்?"

நீர் நிமிர்ந்து இருந்தீர். அடிபட்ட கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்தீர்.

"நான் ஒருத்தரிட்டையும் வேலை செய்யிறேல்லை, ஐயா. சம்மாட்டியார் எங்கட ஆள். ஒத்தாசைக்குப் போறனான்."

அவர் பேனையை வைத்துவிட்டார். "ஒத்தாசைக்குப் போனதெண்டால் நான் ஒண்டும் செய்யேலாதே, தம்பி." பிறகு நான் சம்மாட்டியாரிடம் போய்க் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். "விரும்பினால் வருவான், விரும்பாட்டி வரான். என்ரை வேலையாள் இல்லை." சொல்லாமலா விடுவார்? நீரே அவருக்குப் பாடம் எடுத்துக் கொடுத்துவிட்டீரே.

பஸ் வேலணை தாண்டும்வரை உம்மை ஏசினேன். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னீர்: "பிள்ளைக்கு ஞானத்தகப்பன், அக்கா. முதலாளி எண்டு சொல்ல வாய் வரேல்லை. தேப்பன் கூலிக்காரன் எண்டு அவளின்ரை கலியாணப் பேச்சிலையும் வந்திடும்." மானம் பெரிதுதான். அது உலையில் கொதிக்குமா? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் வேலி அடைத்துக்கொண்டிருந்த நீர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர். செத்த வீட்டில் சம்மாட்டியார் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். பொய் சொல்லக்கூடாது, உண்மையாகவே அழுதார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தினை வருஷம் என்ரை வள்ளத்திலை வேலை செய்தவன். ஒரு நாள் சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. இப்பிடி ஒரு வேலையாளை இனி நான் எங்கை தேடுவன்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பெட்டிக்குள் பார்த்தேன். மிஞ்சிய விரல்களில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். உம்மைத் தோளில் பிடித்து உலுக்கி, "கேட்டீரோ, சொல்லிப்போட்டார்" என்று கத்தவேண்டும் போலிருந்தது. சம்மாட்டியார் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. பின்னாலை நிக்கிறவைக்குக் கேக்கேல்லை" என்றேன்.

அவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

அந்த வசனத்தைத்தான் நான் இப்போது காவிக்கொண்டு திரிகிறேன். வெள்ளிக் கையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். செத்த வீட்டில் கேட்டவர்களில் இரண்டு பேர் வந்து சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பூசை முடிந்ததும் உம்முடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போகிறேன். காலம் பிந்திவிட்டது என்று அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஆனால் அந்த மனிதர் கதிரை தந்து, "ஆரிட்டை வேலை செய்தவர்?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல இந்த முறை நீர் பக்கத்தில் இருக்கமாட்டீர்.