முதல் பெண்மணியின் இடது கால்

12 ஆகஸ்ட், செவ்வாய்

அமெரிக்காவில் ஒரு மியூசியத்துக்காக, மறைந்த ஜனாதிபதி ஒருவருடைய மனைவியின் ஷூவை எங்கள் ஷூ ஃபேக்டரியில் நகலெடுக்கிறோம். மியூசியம் அனுப்பிய ஸ்கேனில் இடது ஷூ வலதைவிட நான்கு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. பிழை என்று நினைத்து நானே இரண்டையும் சமமாக்கினேன். இன்று சாம்பிள் திரும்பி வந்துவிட்டது. அவர் கால் அப்படித்தானாம். இன்னொரு முறை தவறினால் ஆர்டர் போய்விடும், தையல் லைனுக்கு வேலை இருக்காது.

லைனில் தைக்கும் ஷபானா அக்கா சிரித்தார். "இன்னா தம்பி, நாள் பூரா நின்னு பாரு, உனக்கும் ஒரு கால் பெருசாவும். அந்தம்மா எத்தினி பேருக்குக் கை குடுத்துக்கினு நின்னாங்களோ!"

மாலையில் புது சாம்பிளை அனுப்பிவிட்டோம். பதில் வர நாளாகும். கண்ணை மூடினால் நீண்ட வரிசை, பாரத்தை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் ஒரு பெண். அவர் கணவர் போட்ட சட்டம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அவர் எந்தக் காலில் நிற்பார் என்று தெரியும்.