கண்ணுக்குப் போன வறட்சி

மார்ச் 4
அச்சகத்தில் இன்று விவசாய நூல் ஒன்றுக்குப் பிழை திருத்தினேன். பன்னிரண்டு இடத்தில் 'வரட்சி'. எல்லாவற்றையும் 'வறட்சி' ஆக்கினேன். என் வறட்சியைத் திருத்தத்தான் ஆள் இல்லை. இரண்டு பிள்ளை பெற்று, மாதவிலக்கும் நின்ற உடம்பு. தளர்ந்தும் போயிற்று, காய்ந்தும் போயிற்று. அவர் பக்கத்தில் வந்தாலே வலி நினைவுக்கு வந்து திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக அவர் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காததுதான் குத்துகிறது.

மார்ச் 9
ஆஸ்பத்திரி. என்ன தொந்தரவு என்று எழுதச் சொல்லி வரவேற்புப் பெண் சீட்டை நீட்டினாள். பின்னால் வரிசையில் மூன்று ஆண்கள். 'வறட்சி' என்று மட்டும் எழுதினேன். மாடிக்கு அனுப்பினாள். போய்ப் பார்த்தால் கண் பிரிவு!
எழுந்து வந்திருக்க வேண்டாமா? சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்துக் காட்டினேன். "லேசா வறட்சி இருக்கும்மா" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள் செய்த காரியம் இது.

மார்ச் 10
காலையில் அவரே மருந்து விட்டார். பஸ் ஓட்டுகிற கை. ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் விழவில்லை. "கண்ண மூடிக்கிட்டு பத்து எண்ணு." ஏழாவது எண்ணில் அழுதுவிட்டேன். மருந்து வழிகிறது என்று துடைத்தார்.

மார்ச் 19
பத்து நாள், ஒரு வேளை தவறவில்லை. இந்த மனுஷன்கிட்ட மறைக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?

மார்ச் 21
மறுபடி போனேன். 'யோனியில் வறட்சி, தளர்ச்சி, வலி' என்று முழுதாக எழுதினேன். ஓர் எழுத்துப்பிழை இல்லை.
கண் கதையைக் கேட்டு மகளிர் பிரிவு டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கத்தியும் தையலும் இல்லாமல் லேசரில் இதைச் சரிசெய்கிறார்களாமே என்று கேட்டேன். "கத்தி இல்ல, தையல் இல்ல, நிஜந்தான். ஆனா எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆராய்ச்சி இன்னும் முடியல. முதல்ல களிம்பு, இடுப்புத் தசைக்குப் பயிற்சி. மூணு மாசம் பாப்போம்." கடைக்காரரே இப்போது வாங்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.
"வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"
"இல்லைங்க."
"அதுக்கு லேசர் கிடையாதும்மா."

மார்ச் 22
சொன்னேன். சொட்டு மருந்தோடு வந்தவரிடம், "கண்ணுல இல்லைங்க" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும்.
அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னைப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல நெனச்சேன்..." கையிலிருந்த மருந்துக் குப்பியைப் பார்த்து, "அப்ப நான் ஊத்துனது?"
"கண்ணு ஜோராத் தெரியுதுங்க."
சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது.

ஜூன் 24
களிம்பில் பாதி குணம், பாதி வலி மிச்சம். நல்லது கெட்டது இரண்டையும் டாக்டரம்மா மறுபடி சொன்னார். லேசர் வேண்டும் என்றேன். கூச்சம் இருந்தது, சூடு இருந்தது, கால் மணியில் முடிந்தது. ஒளி படாமல் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். பாவம் என் கண், இதிலும் அதற்குப் பங்கு.

ஆகஸ்ட் 28
மூன்றாம் முறையும் ஆயிற்று. போன வாரம் திரும்பிப் படுக்கவில்லை. வலிக்கவில்லை. லேசரா, களிம்பா, பேசியதா, எது வேலை செய்ததோ தெரியாது.
இன்று வரவேற்பில் சீட்டை அவரே வாங்கி நிரப்பினார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. பெரிய பெரிய எழுத்தில், நிதானமாக, 'யோனி வரட்சி' என்று எழுதினார்.
சின்ன 'ர'. எழுதிவிட்டுப் பேனாவை என் கையில்தான் கொடுத்தார். திருத்தவில்லை.